கண்டமங்கலம் எல்லைவழி: புதுச்சேரிச் சுங்கக் கோடும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

ஏற்றுமதிக் கட்டுப்பாடு துறைமுகத்துக்கும் பெருவணிகருக்கும் உரியது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. விழுப்புரம் மாவட்டம் கண்டமங்கலத்தை ஒட்டி அமைந்திருந்த பிரெஞ்சு – பிரிட்டிஷ் எல்லையின் வரலாறு இக்கருத்தைத் திருத்துகிறது. 1815ஆம் ஆண்டின் உப்பு உடன்படிக்கை முதல் 1954ஆம் ஆண்டின் இணைப்பு வரை, இக்கோட்டைக் கடந்த பொருள்கள் பலவகைச் சட்டங்களுக்கு உட்பட்டன. எது ஏற்றுமதி, எந்நோக்கத்துக்காக அது தடுக்கப்படுகிறது, எந்நாளிலிருந்து தடை செல்லுபடியாகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் அச்சட்டங்கள் விடை தேட வேண்டியிருந்தது. இன்றைய ஏற்றுமதியாளர் எதிர்கொள்ளும் விதிகளும் இம்மூன்று வினாக்களின் மேலேயே நிற்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: கண்டமங்கலம், புதுச்சேரி, நிலவழிச் சுங்கம், ஏற்றுமதிக் கட்டுப்பாடு, அனுமதிச் சீட்டு, விதிப் பின்பற்றல்

முன்னுரை

‘ஏற்றுமதி’ என்னும் சொல் மரக்கலத்தில் பொருளை ஏற்றும் செயலை நினைவூட்டுவது. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பொதிகளின் மீது சோழரின் புலி இலச்சினையைப் பொறித்துக் காத்த காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அரசனுக்குரிய பொருள்களுள் உல்குபொருளையும் ஒன்றாகத் திருக்குறள் எண்ணுகிறது. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான். இச்சான்றுகளால் தமிழகச் சுங்க வரலாறு பெரும்பாலும் கடற்கரைப் பட்டினங்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது.

எனினும், கடலையே காணாத ஊர்களிலும் ஏற்றுமதி நடந்தது. வண்டியில் மூட்டை ஏற்றி அடுத்த ஊர்ச் சந்தைக்குச் சென்ற உழவர், சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டுக்குப் பொருள் அனுப்பியவரானார். அத்தகைய ஊர்களுள் கண்டமங்கலம் குறிப்பிடத்தக்கது.

எல்லையின் அமைப்பு

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலை வளவனூரைக் கடந்ததும் புதுச்சேரிக்குரிய மதகடிப்பட்டு, திருபுவனை ஆகிய ஊர்களுக்குள் நுழைகிறது. பின்னர் தமிழ்நாட்டின் கண்டமங்கலத்தை அடைகிறது. அதனைத் தாண்டி மீண்டும் புதுச்சேரிக்குரிய அரியூர், வில்லியனூர் வழியாக நகரத்தைச் சேர்கிறது. இன்று இவை மாநில எல்லைகள். 1954ஆம் ஆண்டுக்கு முன் இவை இரு நாடுகளின் எல்லைகளாக இருந்தன.

இச்சிதறலுக்குக் காரணம் 18ஆம் நூற்றாண்டு அரசியலாகும். ஆர்க்காட்டு, தக்காண அரசியல் போட்டிகளில் பிரெஞ்சுக் கம்பெனி பெற்ற வில்லியனூர், பாகூர் முதலிய பகுதிகள் ஒரே தொடர்ச்சியான நிலமாக அமையவில்லை. 1814ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை, 1792 சனவரி 1 அன்று பிரான்சு வைத்திருந்தவற்றைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதன்படி 1816இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்கு மீண்டபோது, பழைய சிதறலும் உடன் மீண்டது. கோட்டை கட்டவோ காவலுக்கு மேற்பட்ட படை வைக்கவோ பிரான்சுக்கு உரிமை இல்லாமற்போனதால், இவ்வெல்லை படை நின்று காக்கும் எல்லையாக இருக்கவில்லை. அதனைக் காத்தவர்கள் சுங்கப் பணியாளர்களே.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். திருபுவனையிலிருந்து வில்லியனூருக்கு இச்சாலை வழியே நெல் கொண்டுசெல்பவர் பிரெஞ்சு ஊரிலிருந்து பிரெஞ்சு ஊருக்கே செல்கிறார். ஆனால் இடையில் கண்டமங்கலம் பிரிட்டிஷ் நிலம். ஆகவே அவர் ஒரே பயணத்தில் இருமுறை அயல்நாட்டு எல்லையைக் கடக்கிறார்.

உப்பு: உடன்படிக்கையால் வந்த தடை

இவ்வெல்லையில் 19ஆம் நூற்றாண்டின் முதற்பெரும் கட்டுப்பாடு உப்பின் மீது விழுந்தது. உப்பு விற்பனையில் தனியுரிமை கொண்டிருந்த கம்பெனி அரசுக்கு, புதுச்சேரிக் கடற்கரையின் உப்பளங்கள் வருவாய் இழப்பை உண்டாக்கக்கூடியவையாகத் தோன்றின. 1815 மார்ச்சு 7 அன்று இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமை பிரிட்டிஷாருக்குக் கிடைத்தது. அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 4 இலட்சம் சிக்கா ரூபாய் தர அவர்கள் இசைந்தனர். 1818இல் ஏற்பட்ட மற்றோர் ஒப்பந்தம் ஒருபடி மேலே சென்றது. பிரெஞ்சுப் பகுதியின் உப்பு உற்பத்தியே நிறுத்தப்பட்டது. உப்பள உடைமையாளர்க்கு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் இழப்பீடு வகுக்கப்பட்டது.

இங்கு நோக்கத்தக்கது கட்டுப்பாட்டின் வடிவமாகும். வாங்கும் நாடு தன் எல்லையில் காவல் வைத்ததோடு நில்லாமல், விற்கும் நாட்டையே தன் பொருளைக் கட்டுப்படுத்திக்கொள்ள இசையச் செய்தது. பொருள் புறப்படும் இடத்திலேயே அதனைத் தடுக்க அரசுகள் தமக்குள் உடன்படும் முறை, பிற்காலப் பன்னாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஏற்பாடுகளிலும் காணப்படுவது. இரண்டின் நோக்கங்களும் வேறு. முன்னது வருவாயைக் காத்தது, பின்னது பாதுகாப்பை நாடுவது.

சாவடியிலிருந்து சீட்டுக்கு

சென்னை மாகாணத்தின் 1844ஆம் ஆண்டு 6ஆம் சட்டம் உள்நாட்டு வழிச்சுங்கத்தை ஒழித்தது. ஊருக்கு ஊர் சாவடியில் நின்று சுங்கம் செலுத்தும் பழைய முறை அதனால் முடிவுற்றது. அதே சட்டம் அயல் ஐரோப்பியக் குடியேற்றங்களின் எல்லைகளில் சுங்கம் வாங்க வழிசெய்தது. எனவே தென்னார்க்காட்டு வணிகருக்கு உள்நாட்டு வழிகள் திறந்தபோது, புதுச்சேரியைச் சுற்றிய கோடு முன்னினும் தெளிவாகத் தனித்து நின்றது. 1894ஆம் ஆண்டின் இந்தியச் சுங்கத் தீர்வைச் சட்டமும் இப்பகுதிகளை அயல்நிலமாகக் கருதும் வழக்கத்தைத் தொடர்ந்தது.

1924ஆம் ஆண்டின் நிலவழிச் சுங்கச் சட்டம் சென்னை, பம்பாய் மாகாணங்களின் பழைய விதிகளுக்குப் பதிலாக ஒரே முறையை வகுத்தது. அதன் கூறுகள் நான்கு. முதலாவது, நிலவழிச் சுங்க நிலையங்களை அரசு அறிவிக்கும். இரண்டாவது, பொருள்கள் செல்லத்தக்க வழிகளையும் அரசே வரையறுக்கும். மூன்றாவது, எல்லையைக் கடத்த விரும்புவோர் உரிய படிவத்தில் எழுத்து வழியே விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். நான்காவது, எல்லை கடந்து வந்தது அல்லது கடக்கப்போவது என்று அலுவலர் நம்பக் காரணமுள்ள பொருளுக்குச் சீட்டைக் காட்டும்படி கேட்கலாம்.

மூன்றாவது கூறில் ஒரு தொடர் கருதத்தக்கது. சுங்கம் செலுத்தவேண்டிய பொருளாயினும் அல்லாததாயினும் விண்ணப்பம் வேண்டும் என்று சட்டம் கூறியது. சுங்கம் இல்லை என்பதால் சீட்டும் வேண்டியதில்லை என்று பொருள்கொள்ள இடமில்லை. வரியிலிருந்து விடுபட்ட பொருள் ஆவணத்திலிருந்து விடுபடவில்லை. கட்டுப்பாடு என்பது வரி வாங்குதலினின்று பிரிந்து, பொருளின் நடமாட்டத்தை அறிந்துவைக்கும் முறையாக மாறியதை இத்தொடர் காட்டுகிறது.

மணிலாவும் நீலத்துணியும்

இச்சட்டங்கள் யாரைத் தொட்டன என்பதை அறியப் புதுச்சேரியின் ஏற்றுமதிப் பொருள்களை நோக்கவேண்டும். தென்னார்க்காட்டில் மணிலாக்கொட்டை என்றும், பேச்சுவழக்கில் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் பணப்பயிராயிற்று. பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளும் சவர்க்கார ஆலைகளும் அதனை விரும்பி வாங்கின. விளைநிலம் பெரும்பாலும் பிரிட்டிஷ் பகுதியில். கப்பல் ஏறும் துறையோ புதுச்சேரியில். 1879இல் திறக்கப்பட்ட விழுப்புரம் – புதுச்சேரி இருப்புப்பாதை இவ்வணிகத்துக்குத் துணையாயிற்று. அப்பாதையில் கண்டமங்கலத்துக்கு உரிய நிலையம் சின்னபாபுசமுத்திரம் ஆகும். அதனை அடுத்த நிலையம் பிரெஞ்சு வில்லியனூர்.

‘கினே’ எனப்பட்ட நீலத்துணியின் கதை வேறுவகையானது. புதுச்சேரியில் சாயம் தோய்க்கப்பட்ட அத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குச் சென்று, அங்குப் பிசின் வணிகத்தில் பணம்போல் கைமாறியது. போலித் துணிகள் பெருகியபோது, 1843இல் பிரெஞ்சு அரச ஆணை செனகலுக்குச் செல்லும் துணியின் அளவு, எடை, தரம் ஆகியவற்றை வரையறுத்து முத்திரை பெறவேண்டும் என விதித்தது. முத்திரையற்ற துணிக்குச் சந்தை இல்லை. ஆகவே இப்பகுதி நெசவு இரண்டு விதிமுறைகளைச் சந்தித்தது. எல்லையில் பிரிட்டிஷ் சுங்க விதி. துறையில் பிரெஞ்சுத் தர விதி.

இவ்விரண்டு பொருள்களும் உணர்த்துவது ஒன்றே. விதிப் பின்பற்றலின் சுமை கப்பல் வணிகரோடு நிற்கவில்லை. துணியின் அளவு பிசகினால் அதன் இழப்பு தறி வரை சென்றது; சீட்டு தாமதமானால் மூட்டை வண்டியிலேயே காத்திருந்தது. பெருவணிகர் எழுத்தரை அமர்த்திக்கொள்ளலாம். படிவத்தை நிரப்பத் தெரியாத சிறு விளைவிப்பாளருக்கு இடைத்தரகரே வழியாயினர்.

போர்க்காலமும் எல்லையின் உறக்கமும்

இரண்டாம் உலகப்போர் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டின் நோக்கத்தை மாற்றியது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் 84ஆம் விதி ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவற்றைத் தடுக்கவும் வரையறுக்கவும் நடுவண் அரசுக்கு அதிகாரம் தந்தது. வருவாயைக் காட்டிலும், பற்றாக்குறையான பொருள் நாட்டைவிட்டு வெளியேறாமலும் எதிரியின் கைக்குப் போகாமலும் காப்பதே அதன் குறிக்கோள்.

இதே காலத்தில் கண்டமங்கலத்தை ஒட்டிய கோடு தளர்ந்தது. 1940இல் பிரான்சு செர்மனியிடம் வீழ்ந்தபின், ஆளுநர் லூயி பொன்வேன் தலைமையில் பிரெஞ்சிந்தியா விடுதலைப் பிரான்சின் பக்கம் சேர்ந்தது. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் இடையே சுங்க ஒன்றிய ஒப்பந்தம் ஏற்பட்டது. சுங்கக் கட்டுப்பாடு ஊர்களுக்கு நடுவிலிருந்து கடற்கரைக்கு நகர்ந்தது. ஒரு தலைமுறை உழவரும் வணிகரும் ஆலைத்தொழிலாளரும் ஒரே சந்தையில் வாழப் பழகினர்.

விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன், 1947 மார்ச்சு 25 அன்று இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. போர்க்கால அதிகாரத்தை அமைதிக்காலத்துக்குக் கொண்டுவந்த இச்சட்டம் முதலில் மூன்று ஆண்டுகளுக்கே இயற்றப்பட்டது. பலமுறை நீட்டிக்கப்பட்டு, 1992 வரை நீடித்தது. கடல், நிலம், வான் ஆகிய எவ்வழியாயினும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வதே ஏற்றுமதி என்று அது வரையறுத்தது. அதன்கீழ்த் தடுக்கப்பட்ட பொருள், 1878ஆம் ஆண்டின் கடல்வழிச் சுங்கச் சட்டம் 19ஆம் பிரிவின்கீழ்த் தடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்றும் கூறியது. இவ்வாறு புதிய கட்டுப்பாடு பழைய சுங்கத் தண்டனைகளைத் தன் கருவியாக்கிக்கொண்டது.

1949: கோடு விழித்தெழுந்தது

1949இல் இந்திய அரசு சுங்க ஒன்றியத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. எட்டு ஆண்டுகள் உறங்கிய கோடு விழித்தெழுந்தபோது அதன் இயல்பு மாறியிருந்தது. முன்பு அது வரிக்கோடு. இப்போது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வலிமையும் அதனோடு சேர்ந்தது. சாவண்ணா, கெப்ளே, ரோடியர் என்னும் பெயர்களால் அறியப்பட்ட புதுச்சேரி நூற்பு நெசவு ஆலைகளுக்குப் பருத்தி வந்த நிலமும் துணி விற்ற சந்தையும் எல்லைக்கு அப்பால் இருந்தன. மறுபுறம், தங்கம், வைரம், கைக்கடிகாரம் முதலியன புதுச்சேரித் துறையில் இறங்கி வயல்வரப்பு வழியே இந்தியப் பகுதிக்குக் கடத்தப்பட்டன. விலை வேறுபாடும் சிதறிய எல்லையும் சேர்ந்த இடத்தில் கடத்தல் தழைத்தது வியப்பன்று.

1954இல் கட்டுப்பாட்டின் நோக்கம் மீண்டும் மாறியது. இணைப்பு இயக்கம் வலுப்பெற்று, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் புதுச்சேரிக் கொம்யூன்களின் மேயர்கள் இணைப்பை ஆதரித்தனர். எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் தனி நிருவாகத்தை அமைத்தார். இந்திய அரசு பொருள்களின் போக்குவரத்தை இறுக்கியது. வரிக்காகவும் பற்றாக்குறைக்காகவும் பயன்பட்ட கட்டுப்பாடு இப்போது அரசியல் அழுத்தத்துக்கான கருவியாயிற்று. விதியின் வாசகம் பெரிதும் மாறவில்லை. அதன் பயன்பாடே மாறியது. சாவடியில் நின்றவர் அதே சாவடியில் நின்றார், ஆனால் நேற்றுக் கிடைத்த இசைவு இன்று கிடைக்கும் என்ற உறுதி அவருக்கு இல்லை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பேராளர்களுள் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டமுறைப்படி நிறைவேறியது.

எந்நாளிலிருந்து? ஒரு வழக்கு

எல்லை மறைந்ததால் சிக்கல் மறையவில்லை. நடுவண் அரசு 1954 அக்டோபர் இறுதியில் வெளியிட்ட பிரெஞ்சுப் பகுதிகளுக்கான சட்டப் பயன்பாட்டு ஆணை, சுங்கச் சட்டங்களையும் 1947ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் புதுச்சேரிக்கு நீட்டித்தது. நவம்பர் 1ஆம் நாளுக்கு முன் அயல்நாட்டு விற்பனையாளரோடு ஒப்பந்தம் செய்திருந்த புதுச்சேரி வணிகருக்கு, அந்நாளுக்குப் பின் சரக்கு வந்து சேர்ந்தது. இந்திய உரிமம் இல்லை என்று சுங்க அலுவலர் அதனைப் பறிமுதலுக்கு உட்படுத்தினர். வணிகர் உச்சநீதிமன்றத்தை நாடினர்.

யுனிவர்சல் இம்போர்ட்ஸ் ஏஜென்சி வழக்கு என அறியப்படும் அவ்வழக்கில், 1960இல் நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு வணிகர் பக்கம் நின்றது. ஆணையின் 6ஆம் பத்தி, பழைய சட்டங்கள் ஓய்ந்தாலும் அதற்கு முன் செய்யப்பட்டவை காக்கப்படும் என்று கூறியிருந்தது. முன்னரே முடிவான ஒப்பந்தத்தின் விளைவாக வந்த சரக்கும் அக்காப்புக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் கொண்டது. இவ்வழக்கு இறக்குமதி பற்றியது. எனினும் அது எழுப்பிய வினா ஏற்றுமதிக்கும் பொதுவானது: விதி மாறும் நாளில் வழியில் இருக்கும் சரக்குக்கு எந்த விதி?

இன்றைய விதிகளில் பழைய கோடு

1924ஆம் ஆண்டின் சட்டம் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் கரைந்தது. அதன் 7ஆம் பிரிவு நிலவழிச் சுங்க நிலையங்களையும் வழிகளையும் அறிவிக்க வகைசெய்கிறது. 50ஆம் பிரிவின்படி நிலவழி ஏற்றுமதிக்குக் கப்பல் பட்டிக்கு ஈடான தனிப்பட்டி அளிக்கவேண்டும். 113ஆம் பிரிவு, சுங்க நிலையமல்லாத இடத்தின் வழியே ஏற்றுமதி செய்யும் எண்ணத்தோடு நில எல்லைக்கு அருகே கொண்டுவரப்பட்ட பொருளையும் பறிமுதலுக்கு உரியதாக்குகிறது. அதாவது எல்லையைக் கடந்திருக்கவும் வேண்டுவதில்லை. நிலையம், வழி, சீட்டு, எல்லையருகில் சான்று கேட்கும் உரிமை என்னும் நான்கு கூறுகளின் தொடர்ச்சியை இங்குக் காணலாம்.

எது ஏற்றுமதி என்னும் வரையறை மேலும் விரிந்துள்ளது. 1992ஆம் ஆண்டின் அயல்நாட்டு வணிகச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டபோது, குறிப்பிட்ட பொருள்களோடு சேவையும் தொழில்நுட்பமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ‘ஸ்கோமெட்’ எனப்படும் பட்டியலில் இடம்பெறும் பொருளுக்கு உரிய துறையின் இசைவு வேண்டும். அரிப்பைத் தாங்கும் உலோகத்தாலான சில வகைப் பம்புகளும் வால்வுகளும்கூட, வேதி ஆயுத உற்பத்திக்குப் பயன்படலாம் என்பதால் இத்தகைய கட்டுப்பாட்டுக்கு உரியவை. வரைபடம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியாகலாம். பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான 2005ஆம் ஆண்டுச் சட்டமோ, பட்டியலில் இல்லாத பொருளையும் அதன் இறுதிப் பயன் கருதித் தடுக்கிறது. இந்தியா 2016இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டிலும், 2017இல் வாசனார் ஏற்பாட்டிலும், 2018இல் ஆஸ்திரேலியக் குழுவிலும் சேர்ந்தது. மரக்கலத்திலிருந்து மாட்டுவண்டிக்கு இறங்கிய ‘ஏற்றுமதி’ என்னும் கருத்து, இன்று கணினிக் கோப்புக்கும் உரியதாயிற்று.

நாள் பற்றிய வினாவும் தொடர்கிறது. 2023 சூலை 20 அன்று பாசுமதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. 2024 செப்டம்பர் 28 அன்று அத்தடை நீங்கியது. விதி மாறும்போது முன்னைய ஒப்பந்தங்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் இடைக்காலச் சலுகை, அத்தடைக்குப் பொருந்தாது என அறிவிக்கை வெளிப்படையாகக் கூறியது. கப்பலில் ஏற்றத் தொடங்கியிருந்தது, சுங்கத்திடம் முன்பே ஒப்படைக்கப்பட்டது போன்ற வரையறுத்த நிலைகளுக்கே விலக்கு. ஒப்பந்தம் மட்டும் கையில் வைத்திருந்தவருக்குக் காப்பில்லை. 1960இல் நீதிமன்றம் ஒப்பந்தத்துக்குத் தந்த மதிப்பையும் 2023இன் அறிவிக்கை வாசகத்தையும் ஒப்பிட்டால், விலக்கு விதியின் ஒரு பத்தி எவ்வளவு பொருளைக் காக்கவும் இழக்கவும் செய்யும் என்பது புலனாகும். நெல் விளையும் விழுப்புரம் போன்ற மாவட்டங்களுக்கு இது ஏட்டளவான செய்தியன்று.

முடிவுரை

கண்டமங்கலத்தை ஒட்டிய கோட்டின் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, ஏற்றுமதி என்பது தொலைவால் அமைவதன்று, சட்டம் வரைந்த கோட்டைக் கடப்பதால் அமைவது. அக்கோடு எங்கே உள்ளது என்பதை அறியாதவரும் ஏற்றுமதியாளராகிவிடுவர். இரண்டாவது, வருவாய், பற்றாக்குறை, அரசியல், பாதுகாப்பு என நோக்கம் மாறினும் அனுமதிச் சீட்டின் வடிவம் நிலைத்து நிற்கிறது. ஆதலின் விதியின் வாசகத்தை மட்டும் கற்றவர், நோக்கம் மாறும் காலத்தில் திகைக்க நேரிடும். மூன்றாவது, விதி மாறும் நாளே சிறு வணிகருக்கு மிகக் கொடிய நாள். அந்நாளுக்குரிய விலக்கு விதிகளே அவருடைய முதலைக் காப்பவை.

ஆகவே ஏற்றுமதி விதிகளைக் கற்பிப்போர் பொருள்களின் பட்டியலோடு அமையாமல், கோடு, நோக்கம், நாள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். தமிழில் இவ்விதிகள் தெளிவாக எழுதப்படுவதும் இன்றியமையாதது. படிவத்தின் மொழி அறியாதவர் இடைத்தரகரை நம்பியிருக்க வேண்டிய நிலை, கண்டமங்கலம் எல்லையில் மாட்டுவண்டிகள் காத்திருந்த காலத்தோடு முடிந்துவிடவில்லை.